எத்தனை எலிகள் தேவை?

விலங்குச் சோதனைகளில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று 1959இல் ரஸ்ஸல், பர்ச் ஆகிய பிரிட்டன் அறிஞர்கள் தம் நூலில் வலியுறுத்தினர். ஆயினும் அளவுக்கு மீறிக் குறைத்தால், முடிவு எதுவும் கிட்டாமல் அத்தனை உயிர்களும் வீணாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

மருந்து பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் இடையே எதிர்பார்க்கும் வேறுபாடு, அளவீடுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவாகிய திட்ட விலக்கத்துக்குச் சமமெனில், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கொள்ளும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டாமலும், இருப்பதைக் கண்டறியும் வாய்ப்பு 80 விழுக்காடாகவும் அமைய, குழுவுக்கு 17 எலிகள் போதும். வேறுபாடு அதில் பாதியே எனில் 64 வேண்டும்.

கூண்டின் ஒரே தண்ணீர்ப் புட்டியில் மருந்தைக் கலந்துவிட்டு, உள்ளிருக்கும் ஐந்து எலிகளையும் தனித்தனியே எண்ணுவது பெருந்தவறு. அங்கே கணக்கில் சேர்வது கூண்டு ஒன்றே.