கக்கூஸ் குழியில் கிடைத்த தேநீர்க் கோப்பை! தெரியுமா?

நியூயார்க்கிலும் ஒரு காலத்தில் ஒரு தாராவி இருந்தது, தெரியுமா? பேர் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’. பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை. 1842இல் அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவந்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், அழுக்கு, குடி, சீரழிவு என்று எழுதித் தள்ளினார். உலகமே நம்பியது!

1991இல் அதே இடத்தில் நீதிமன்றம் கட்டத் தோண்டினார்கள். பழைய கக்கூஸ் குழிகள், தூர்ந்த கிணறுகள்... அவற்றுக்குள்ளிருந்து வந்த பொருள்கள் எத்தனை தெரியுமா? சுமார் 8,50,000! தையல்காரர்களின் ஊசிகள், பொத்தான்கள், மண் புகைக்குழாய்கள், இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகள்! அதிலும் ஒரு தேநீர்க் கோப்பையில் யார் படம்? மதுவிலக்குக்காக ஊர் ஊராகப் பேசிய பாதிரியார் மேத்யூ! குடிகாரப் பேட்டை என்று பேரெடுத்த இடத்தில்! டிக்கன்ஸ் எந்த வீட்டு அடுக்களையையும் எட்டிப் பார்க்கவில்லை போலும்.

இதைவிட வியப்பு, அந்தப் பொருள்களுக்கு நேர்ந்த கதி. உலக வர்த்தக மைய வளாகத்தின் அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்! கண்காட்சிக்கு இரவல் போயிருந்த 18 தவிர எல்லாம் போயிற்று. பாதிரியார் கோப்பை? அந்தப் பதினெட்டில் ஒன்று!

நம் கீழடி அகழாய்விலும் அரண்மனைப் புதையலா கிடைத்தது? பகடை, வட்டச் சில்லு, நூல் நூற்கும் தக்களி. விளையாடியவர்களும் உழைத்தவர்களும் விட்டுப்போனவை.

சரி, மும்பைத் தாராவி? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த நம்மவர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த கும்பார்வாடா குயவர்களும் உருவாக்கிய ஊர். 2016இல் அங்கே ஓர் அருங்காட்சியகமே தள்ளுவண்டியில் ஏறித் தெருத்தெருவாகப் போனது, தெரியுமா? உள்ளே தாராவிக்காரர்கள் கையால் செய்த பானை, துடைப்பம் போன்றவைதான்!

அந்தத் தாராவியின் மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. கணக்கெடுப்பவர் சதுர அடியை எழுதுவார். பாட்டி ஊரிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த இட்லிக் கொப்பரையை எழுதமாட்டார். தாராவி வாசகர்களே, வீடு மாறும்போது அம்மியையும் கொப்பரையையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு படமெடுத்து, யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள்!