செனாவாங்கில் புதிதாகக் குடியேறினால் ஊர் உங்களை எப்படிப் பார்க்கும்?

கோலாலம்பூரில் வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை, சிரம்பான் பக்கம் போய்விடலாமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் பல தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் பேச்சு இது. அந்தப் பேச்சில் அடிக்கடி வரும் பெயர் செனாவாங்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். சிரம்பான் நகருக்குத் தெற்கே இருக்கிறது. கேடிஎம் கொமுட்டர் நிலையம் உண்டு. அதே ரயில் பாதை பத்துமலை வரை போகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் டோல் பக்கத்திலேயே இருக்கிறது. தொழிற்பேட்டையும் உண்டு என்பதால் வேலைக்காகத் தலைநகருக்கு ஓட வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் இல்லை.

வீட்டு விலையை உட்கார்ந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். "சரி, ஆளுங்க எப்படி?" என்ற கேள்விக்குத்தான் எங்கேயும் பதில் கிடைப்பதில்லை.

சிரிப்பார்கள், நின்று பேசுவார்கள், பெருநாள் வந்தால் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அதில் பெரிய சந்தேகம் வேண்டாம். அதற்கு அப்பால் ஊர் உங்களை எவ்வளவு தூரம் உள்ளே விடும் என்பது, நீங்கள் யாராக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வந்தவர்களால் ஆன மாநிலம்

நெகிரி செம்பிலானின் முதல் அரசரே வெளியூர்க்காரர்தான். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த தலைவர்கள் சுமத்ராவின் பாகாருயோங்கிலிருந்து ராஜா மெலேவார் என்பவரை அழைத்து வந்து, 1773-இல் தங்கள் அரசராக ஏற்றுக்கொண்டார்கள். அவருக்கு முன்பே மினாங்கபாவ் மக்கள் சுமத்ராவிலிருந்து வந்து குடியேறியிருந்தார்கள். அவர்களுக்கும் முன்பே இந்த மண்ணில் இருந்தவர்கள் பூர்வகுடி மக்கள்.

தாய்வழியில் உறவு கணக்கிடும் 'அடாட் பெர்பாத்தே' மரபு இன்றும் இங்கே இருக்கிறது. அந்த மரபில், வெளியாள் ஒருவரைத் தங்கள் குலத்துக்குள் முறைப்படி சேர்த்துக்கொள்ளும் சடங்கு ஒன்று உண்டு. 'பெர்கெடிம்' என்பார்கள். அந்நியராக வருபவரைச் சொந்தமாக்கிக்கொள்ள விதிமுறையே வகுத்து வைத்திருந்த சமூகம் இது.

பிறகு ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்கள் வந்தார்கள். ரப்பர் வந்தபோது தமிழர்கள் வந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இருப்பவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். நாட்டு அளவில் இந்தியர்களின் பங்கு 7 விழுக்காட்டுக்கும் கீழே. நெகிரி செம்பிலானில் அது சுமார் 14 விழுக்காடு. தமிழ்க் குடும்பம் ஒன்று குடிவந்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

"நீங்க எந்தத் தோட்டம்?"

செனாவாங்கில் தமிழர் ஒருவருடன் பேச ஆரம்பித்தால், பெயருக்கு அடுத்து வரக்கூடிய கேள்வி இது. கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் கேள்வியே புரியாது.

இதைப் புரிந்துகொள்ள, இந்த வீடமைப்புப் பகுதிகளுக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். கங்காணிகள் தங்கள் சொந்த ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் திரட்டிக் கப்பலேற்றி வந்தார்கள். 1907-இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி அவர்களின் பயணச் செலவைப் பார்த்துக்கொண்டது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை இப்படி அனுப்புவதை நிறுத்தும் வரை இது நடந்தது. அதனால் ஒரு தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள் வெறும் அக்கம்பக்கத்தார் அல்ல. பாதிப் பேர் மாமன் மச்சான், மீதிப் பேர் ஒரே கிராமம். காலையில் பெரட்டுக்கு நின்றதும், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டதும், பால் மரம் வெட்டியதும், கோயில் திருவிழாவில் ஆடியதும் ஒரே கூட்டம்தான்.

தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனபோது அந்தக் கூட்டம் கலைந்து, ஒவ்வொரு குடும்பமாகத் தாமான்களில் வந்து சேர்ந்தது. லயம் போய்விட்டது, உறவுக் கணக்கு போகவில்லை. "எந்தத் தோட்டம்?" என்று ஒருவர் கேட்கும்போது, உங்களை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது என்று தேடுகிறார். "எங்க பாட்டி ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தாங்க" என்று நீங்கள் சொன்னால் போதும். அடுத்த 5 நிமிடத்தில் யாராவது ஒரு பொதுவான சித்தப்பா கிடைத்துவிடுவார்.

இந்தக் கேள்வி எப்போதும் கள்ளமில்லாதது என்று சொல்ல முடியாது. கங்காணி தன் ஆட்களைத்தான் திரட்டினார் என்றால், தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் பெயரையும் வைத்துச் சாதியை ஊகிக்கவும் வழியுண்டு. வயதானவர்கள் சிலர் அதற்காகவே கேட்பதும் உண்டு. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. இளையவர்கள் பலருக்கு இப்போது தங்கள் தோட்டத்தின் பெயரே சரியாகத் தெரிவதில்லை.

கோயிலில் இடம் உண்டு, உபயத்தில்?

கோயிலுக்குப் போனால் எல்லோரும் வரவேற்பார்கள். அன்னதானப் பந்தியில் யாரும் உங்களை எந்த ஊர் என்று கேட்டுவிட்டுச் சோறு போடுவதில்லை. ஆனால் பழைய தோட்டக் கோயில்களில் திருவிழா உபயங்கள் பெரும்பாலும் குடும்பவாரியாகப் பிரிக்கப்பட்டவை. முதல் நாள் இன்னார் குடும்பம், தேர் அன்று இன்னார் குடும்பம் என்று தாத்தா காலத்திலேயே முடிவானது. வேறு ஊர்களுக்குப் போய்விட்ட பிள்ளைகளும் அந்த நாளுக்குத் திரும்பி வந்து செய்வார்கள். நீங்கள் எவ்வளவு நன்கொடை கொடுத்தாலும் அந்த வரிசையில் நுழைவது லேசல்ல. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோட்டம் போன பிறகு அந்தக் குடும்பங்களுக்கு இங்கே மிச்சமிருக்கும் ஒரே உரிமை அதுதான்.

பள்ளிக்கூடத்தில் கதை நேர்மாறு. மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே போனால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற வகையில் சேர்ந்துவிடும். தோட்டங்கள் காலியானபோது மலேசியா முழுவதும் பல தமிழ்ப்பள்ளிகளுக்கு நேர்ந்தது இதுதான். ஆகவே முதலாம் ஆண்டில் சேர்க்க ஒரு பிள்ளையோடு நீங்கள் வந்தால், அந்த வரவேற்பில் உபசாரம் மட்டும் இல்லை, தேவையும் இருக்கிறது. செனாவாங்கில் தமிழ்ப்பள்ளி உண்டு. தோட்டமே இல்லாத இடத்தில் 'லாடாங்' என்ற சொல்லைப் பெயரில் சுமக்கும் பள்ளிகள் இந்த மாநிலத்தில் நிறைய. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு முறை போனால், மூன்றாவது முறை நாற்காலி அடுக்கும் வேலை உங்களுக்கு வரும். ஊருக்குள் வந்துவிட்டீர்கள் என்பதற்கு அதைவிட உறுதியான அடையாளம் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் மலாய்க்காரர், எதிர் வீட்டில் சீனர்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 'மினசோட்டா நைஸ்' என்று ஒரு சொல் உண்டு. மினசோட்டாக்காரர்கள் எந்த இடத்துக்கும் வழி சொல்வார்கள், தங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள் என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். இங்கே வீட்டுக்குக் கூப்பிடுவது பெரிய விஷயமே இல்லை. தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் சீனப் பெருநாளுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு மலேசியா முழுக்க வழக்கம். மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரிக்கு அழைப்பு வந்தால் போய் வாருங்கள். உங்கள் வீட்டு விருந்துக்கு அவர்களை அழைத்தால், ஹலால் உணவுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இங்கே எழுதப்படாத மரியாதை.

1975-இல் தொடங்கப்பட்ட 'ருக்குன் தெத்தாங்கா' என்ற அண்டை அயலார் அமைப்பு பல தாமான்களில் இன்னும் இயங்குகிறது. கோத்தோங் ரோயோங் என்று கால்வாய் சுத்தம் செய்யக் கூப்பிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுங்கள். மூன்று மொழியில் உங்கள் பெயர் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த வீடு கிடைக்க வேண்டுமே

வாடகை வீடு தேடும்போதுதான் பலருக்கு முதல் அடி விழும். "இந்தியர்களுக்கு இல்லை" என்ற நிபந்தனை மலேசியாவில் வாடகை விளம்பரங்களில் வெளிப்படையாகவே வருவதுண்டு. முகவர் போனில் உங்கள் பெயரைக் கேட்டதும் "வீடு போயிருச்சு" என்பதும் உண்டு. இது செனாவாங்குக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. நெகிரி செம்பிலான் இதற்கு விதிவிலக்கும் அல்ல.

அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடை செய்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது அரசைக் கட்டுப்படுத்தும். தனியார் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நடைமுறையில் பலர் செய்வது, விளம்பரத்தை நம்பாமல் உள்ளூர்த் தமிழர் மூலம் விசாரிப்பது. கோயிலும் பள்ளியும் இங்கேயும் உதவும். இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்ற வழக்கமான கணக்குக்குக் கையில் பணம் இருக்கட்டும்.

பெர்மிட்டில் வந்தவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நீல நிற அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு. செனாவாங்குக்கு வரும் இன்னொரு வகைப் புதியவர்கள் நேப்பாளம், வங்காளதேசம், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பெர்மிட்டில் வருபவர்கள். தொழிற்சாலை விடுதியிலிருந்து பேருந்தில் வேலைக்குப் போய், பேருந்தில் திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்பும் கடையிலும் மளிகைக் கடையிலும்தான் ஊர் அவர்களைப் பார்க்கிறது.

இவர்களிடம் ஊர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்ற குறை உண்மைதான். அதற்கு மனிதர்களின் குணம் மட்டும் காரணமல்ல. தற்காலிக வேலை பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. இங்கே திருமணம் செய்ய முடியாது. விருப்பப்படி முதலாளியை மாற்ற முடியாது. காலம் முடிந்தால் திரும்ப வேண்டும். பிள்ளை இல்லாததால் பள்ளி இல்லை, வீடு இல்லாததால் தாமான் இல்லை. மற்றவர்கள் ஊருக்குள் நுழையும் வாசல்கள் எல்லாம் இவர்களுக்குச் சட்டத்திலேயே மூடியிருக்கின்றன.

பெர்மிட் என்ற சொல் இங்குள்ள தமிழர்களுக்குப் புதியதும் அல்ல. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அது கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் கதை தெரிந்த வீடுகளிலேயே இன்று "பங்களாக்காரன்" என்று அலட்சியமாகப் பேசுவதைக் கேட்கும்போது சங்கடமாக இருக்கிறது.

தொழிலாளர் தங்குமிடத்துக்கான 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டமும் முதலில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும்தான் எழுதப்பட்டது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் தொழிற்சாலை விடுதிகள் உட்பட மற்றத் துறைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பொது விடுதியில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் உறங்கும் இடம் வேண்டும் என்பது விதி.

நீங்கள் பெர்மிட்டில் வந்து இதைப் படிப்பவராக இருந்தால், அல்லது அப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், இரண்டு விஷயங்கள். தங்குமிடம் விதிப்படி இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். உங்கள் கடப்பிதழை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். "பத்திரமா இருக்கட்டும்னுதான் வச்சிருக்கோம்" என்று சொன்னாலும் அது உங்கள் கையில் இருக்க வேண்டியது.