படத்தில் இல்லாத தமிழர்கள்!

பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவதிகை. சிவபெருமான் முப்புரங்களை எரித்த தலம் இதுதான் என்பார்கள்.

அது ஒரு போர்க் கதை. அந்தப் போருக்குப் பூமி தேராக வந்தது. சூரியனும் சந்திரனும் சக்கரங்கள் ஆனார்கள். பிரம்மா தேர் ஓட்டினார். மேருமலை வில்லானது. வாசுகிப் பாம்பு நாணானது.

வென்றவர் பெயர் மட்டும் அல்ல. சக்கரமாகச் சுழன்றவர்களின் பெயரும் அந்தக் கதையில் இருக்கிறது!

சினிமாவில் வரும் போர்க் கதைகள் எல்லாம் அப்படி இல்லை.

7 ஆஸ்கார் பரிசுகள்

1957-ம் ஆண்டில் ஒரு ஆங்கிலப் படம் வந்தது. "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" என்பது அதன் பெயர். குவாய் நதிப் பாலம் என்று பொருள். டேவிட் லீன் டைரக்ட் செய்தார். இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில் படம் பிடித்தார்கள். ஆற்றின் மேல் பாலம் கட்டி, அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். படத்துக்கு 7 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கிய ஆங்கிலேய வீரர்கள், சயாம் காட்டில் ரயில் பாலம் கட்டுகிறார்கள். இதுதான் கதை. ஆங்கிலேயர் உண்டு. ஜப்பானியர் உண்டு. அமெரிக்கரும் உண்டு.

தமிழர்? கதையில் அவர்களுக்கு இடமே இல்லை!

உண்மை என்ன?

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் ரயில் பாதை போட்டது உண்மை. நீளம் 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

இந்த வேலையில் போர்க் கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர் ஈடுபடுத்தப்பட்டனர். ஆனால் ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 2 லட்சம் பேர்! பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் இருந்தார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களும் பல்லாயிரம் பேர் இருந்தார்கள்.

நல்ல கூலி தருவதாக ஆசை காட்டினார்கள். வர மறுத்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். "இலவச சினிமா" என்று சொல்லிக் கூட்டம் சேர்த்து, கதவைப் பூட்டி, ஆண்களை அள்ளிச் சென்றதும் உண்டு!

காட்டில் மழை, பசி, மலேரியா, வாந்திபேதி. மருந்து கிடையாது. கைதிகளில் 12 ஆயிரத்துக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

தெரிந்தும் இல்லை

படத்தின் மூலக் கதையை எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் யார் தெரியுமா? போருக்கு முன்பு மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர்!

சயாமில் உள்ள காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள் உள்ளன. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை.

அந்தக் குறையைத் தமிழர்கள்தான் கொஞ்சம் தீர்த்தார்கள். மலேசியாவில் ஆர்.சண்முகம் "சயாம் மரண ரயில்" என்று நாவல் எழுதினார். 2023-ம் ஆண்டில், காஞ்சனபுரியில் உள்ள புத்தர் கோயிலில், மாண்ட தமிழர்களுக்காக நடுகல் நாட்டினார்கள்.

குவாய் படம் நல்ல படம்தான். பார்க்கலாம். பார்க்கும்போது, படத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

திருவதிகைக் கதையில் தேர்ச் சக்கரத்துக்கும் பெயர் உண்டு. தண்டவாளம் போட்டவர்களுக்குப் பெயர் வேண்டாமா?