கம்பைலர் ஏன் மறுக்கிறது?

கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கரிசற்சீமைக் கோவில்பட்டியில், அம்மிட்டாயின் விலையைக் கணிக்க ஜாவா நிரல் எழுதும் மாணவர், மெதடின் தலைப்பில் ‘இன்ட்’ என்று வாக்களித்துவிட்டு, உள்ளே 37.5 என்னும் ‘டபுள்’ மதிப்பை ‘ரிட்டர்ன்’ செய்வாராயின், கம்பைலர் மறுப்பது ஏன்?

64 பிட் டபுளை, பின்னத்திற்கு இடமற்ற 32 பிட் இன்ட்டில் அடக்கினால் அரை ரூபாய் ஓசையின்றி நஷ்டமாகும் என்பதனாலேயே, 1995-இல் வெளிவந்த ஜாவா மொழி, நிரல் ஓடுமுன்பே வகைப்பொருத்தத்தைப் பரிசோதிக்கிறது. ‘இஃப்’ நிபந்தனைக்குள் மட்டும் ரிட்டர்ன் எழுதி, மற்ற வழியை வெறுமையாக விட்டாலும் பிழையே.

தீர்ப்பது எப்படி? பிழைச்செய்தி காட்டும் வரியை நோக்கி, தலைப்பின் வகையையும் ரிட்டர்ன் மதிப்பையும் ஒப்பிட்டு, பின்னம் அவசியமெனில் தலைப்பையே டபுளாக்குக. எல்லா வழிகளிலும் ரிட்டர்ன் உண்டா என்றும் காண்க. காரணம் ஆராயாது இன்ட்டாகக் காஸ்ட் (வகைமாற்றம்) செய்து கம்பைலரின் வாயை அடைப்பது பரிகாரமன்று.