கண்ணாடியில் கவனம்

கிருஷ்ணாநகர் மண் பொம்மைகளை அடுக்க ஆளுயர ஷோகேஸ் செய்யும் கொல்கத்தா குடும்பம், மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறது. கண்ணாடியைத் தச்சரிடம் விட்டுவிடுகிறது. ஆபத்து அங்கேதான். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற சில்லுகள். மோதும் குழந்தையின் ரத்தக் குழாயையே அறுத்துவிடும். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்விக்கப்படும் 'டஃபன்டு' கண்ணாடி நான்கைந்து மடங்கு வலுவானது. உடைந்தாலும் கற்கண்டு போல உதிரும். ஒரே சிக்கல்: பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு, கீலுக்கான துளை எல்லாம் முன்பே முடிவாக வேண்டும். உடைந்தும் உதிராமல் இருக்க, நடுவே பிளாஸ்டிக் படலம் கொண்ட 'லாமினேட்டட்' கண்ணாடி உண்டு. எதுவானாலும் ஐ.எஸ். 2553 தரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. செலவு கூடும்தான். ஆனால் பிள்ளைகள் ஓடியாடுவது அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான்.