உங்களுக்குத் தெரியுமா? விழுப்புரம் – திண்டிவனம் கல்யாண போட்டோகிராபர்களுக்குச் சில சேதிகள்

◆ கல்யாண போட்டோகிராபரின் வருமானத்துக்கு வேலி போடுவது பஞ்சாங்கம். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் நம் பக்கத்தில் பெரும்பாலோர் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மிச்ச மாதங்களில் ஒரு நல்ல முகூர்த்தம் வந்துவிட்டால் விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம், செஞ்சி என்று எல்லா மண்டபமும் ஒரே நாளில் நிறைந்துவிடும். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் தாலி கட்டு. அந்த இரண்டு வேளையும் நீங்கள் ஒரு மணமேடைக்கு முன்னால்தான் நிற்க முடியும். எண்ணிக்கையை ஓரளவுக்கு மேல் கூட்டவே முடியாத தொழில் இது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வாங்கும் தொகையைத்தான் கூட்ட முடியும்.

◆ ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 40 கல்யாணம், ஒவ்வொன்றுக்கும் 40,000 ரூபாய்: வரவு 16 லட்சம். கூட வரும் பையன்கள் சம்பளம், வாடகை லென்ஸ், எடிட்டிங், ஆல்பம் அச்சு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 25,000 செலவானால் மிஞ்சுவது 6 லட்சம். இன்னொருவர் 25 கல்யாணம்தான் எடுக்கிறார், ஒன்றுக்கு 90,000 வாங்குகிறார், 45,000 தாராளமாகச் செலவு செய்கிறார். அவருக்கு மிஞ்சுவது 11.25 லட்சம். 15 முகூர்த்தம் வீட்டில் தூங்கவும் கிடைக்கிறது. கூலியைக் குறைத்துக்கொண்டே போய்ப் பக்கத்து ஸ்டுடியோவோடு மோதுகிற இளைஞர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

◆ மேலே சொன்ன இரண்டாவது ஆளின் வரவு 22.5 லட்சம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கல்யாண போட்டோ, வீடியோவுக்கு வரி 18 சதவீதம். 90,000 ரூபாய்க்கு 16,200. விலை சொல்லும்போதே ‘வரி உட்பட’, ‘வரி தனி’ என்று பிரித்துச் சொல்லுங்கள். 50 லட்சம் வரை வரவுள்ளவர்கள் 6 சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டமும் உண்டு. ஆனால் அதில் சேர்ந்தால் மாநிலம் விட்டு மாநிலம் சேவை தர முடியாது. நமக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரி, சட்டப்படி வேறு ஆட்சிப் பகுதி. திண்டிவனத்துக்காரருக்கு இது முக்கியம். சேரும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

◆ விழுப்புரம் சந்திப்பிலிருந்து ரயில் பாதை ஐந்து திசைக்குப் பிரிகிறது: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, புதுச்சேரி. திண்டிவனத்திலோ சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரி சாலையும் திருவண்ணாமலை சாலையும் கிளைக்கின்றன. இந்தப் பாதைகளில் ஊரை விட்டுப் போய்ச் சென்னையிலும் பெங்களூரிலும் சம்பாதிப்பவர்கள், தாத்தா பாட்டிக்காக, குலதெய்வத்துக்காகக் கல்யாணத்தைச் சொந்த ஊரில் வைக்கிறார்கள். மண்டபம் இங்கே, சமையல் இங்கே, மேளம் இங்கே. கேமரா மட்டும் சென்னையிலிருந்து வருகிறது. நல்ல தொகை தரக்கூடிய வாடிக்கையாளர் வெளியூரில் இல்லை, உங்கள் தெருவில் பத்திரிகை வைக்கிற வீட்டில்தான் இருக்கிறார். அவர் போனில் ‘திண்டிவனம் வெட்டிங் போட்டோகிராபி’ என்று தேடும்போது உங்கள் கடை வருகிறதா? கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்க்கக் காசு கிடையாது. முகவரி, வேலை நேரம், சமீபத்தில் எடுத்த 20 நல்ல படங்கள், பழைய வாடிக்கையாளர் எழுதிய நாலு வரி. இவ்வளவு போதும், சென்னைக்காரர் வரும் வேகம் பாதி குறையும்.

◆ புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பிய தமிழ்க் குடும்பங்கள் வைத்துக்கொண்டன. அவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பிரான்ஸிலிருந்து வந்து இங்கே கல்யாணம் செய்கிறார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் நம் பக்கத்திலேயே தேடுகிறார்கள். இந்த வீட்டார் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட ‘எந்தத் தேதிக்குத் தருவீர்கள்’ என்றுதான் முதலில் கேட்பார்கள். காரணம் உண்டு: துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது உறவு உண்மையானது என்று காட்டக் கல்யாணப் படங்களையும் இணைப்பார்கள். தாலி கட்டு, மெட்டி, இரு வீட்டாரும் சேர்ந்து நிற்பது, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து என்று பத்துப் படத்தை ஒரே வாரத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் போட்டோகிராபரை அந்தக் குடும்பம் மறக்காது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

◆ இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் கல்யாணம் நடந்தது 1840-ல். படமில்லை. 14 ஆண்டு கழித்து 1854-ல் ரோஜர் ஃபென்டன் எடுத்த படத்தைத்தான் இன்றும் பலர் அவர் கல்யாணப் படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

◆ 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் என்ற சின்ன ஊரில் நடந்த ஒரு கல்யாணம் உலகச் செய்தியானது. வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். மணப்பெண்ணின் அப்பா உயிரோடு இல்லை. அந்த மெய்நிகர் மண்டபத்தில் அவர் உருவம் வந்து நின்று மணமக்களை வாழ்த்தியது. தொழில்நுட்பத்தை விட்டுவிடுங்கள். ஒரு குடும்பம் எதற்காகக் கூடுதலாகச் செலவு செய்யத் துணிகிறது என்பதை அந்தக் கல்யாணம் சொல்கிறது. நம் மண்டபங்களிலும் மணமேடை ஓரத்தில் மாலை போட்ட ஒரு போட்டோ இருக்கும். அம்மாவோ அண்ணனோ அதைப் பார்த்துக் கண் துடைக்கும் அந்த நொடி உங்கள் கேமராவில் இருக்கிறதா? எடுக்கும் முன் அந்த வீட்டோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியவருக்குத்தான் அந்த நொடி எங்கே வரும் என்று தெரியும். யார் தாய்மாமன், யாரோடு யாருக்குப் பேச்சில்லை, எந்தப் பாட்டிக்கு நடக்க முடியாது – இதெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு போகிறவருக்கும், நேரே மண்டபத்துக்கு வந்து ‘மாப்பிள்ளை கொஞ்சம் சிரிங்க’ என்பவருக்கும் ஒரே கூலி எப்படி இருக்க முடியும்?

◆ நீங்கள் எடுத்த கல்யாணப் படம் உங்களுடையது இல்லை! 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். ஆகவே மணப்பெண்ணின் படத்தைக் கடை வாசல் பலகையிலும் இன்ஸ்டாகிராமிலும் போட, அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அவர்கள் சொல்லை மதித்து நடந்தால், அடுத்த வீட்டுக்கு உங்களைச் சொல்லி அனுப்புபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

◆ அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்யாணத்திலும் அதைச் சார்ந்த ஊர்வலம், விருந்து நிகழ்ச்சிகளிலும் சினிமாப் பாட்டு போடுவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்தியது. ஆனால் அந்தச் சலுகை மண்டபத்துக்கு. அதே பாட்டை ஹைலைட்ஸ் வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றினால் நிலைமை வேறு. நயன்தாரா – விக்னேஷ் சிவன் திருமண ஆவணப்படத்தில் வந்த 3 விநாடிக் காட்சிக்காக 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனதும், விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் 2024-ல் நாம் பார்த்தது. உரிமம் பெற்ற இசை வாங்கலாம். இன்னும் நல்லது, அந்த மண்டபத்தில் வாசித்த நாதஸ்வரக்காரரிடம் சொல்லி, அவருக்குரியதைக் கொடுத்து, அவர் வாசிப்பையே தனியாகப் பதிந்துகொள்வது.

◆ செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே ஒரு கல்யாண மகால் இருக்கிறது. அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பாக முடியும் அந்த மாளிகை, ராஜகிரியின் அடிவாரத்தில் காலை வெயிலில் நிற்கும் அழகுக்காகவே வெளிமாவட்ட ஜோடிகள் வருகிறார்கள். 2025 ஜூலையில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று, நம் செஞ்சி. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் முக்காலி, விளக்கு, கூடுதல் சாதனங்களோடு எடுக்க முன்னனுமதி வேண்டும். காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும் போட்டோகிராபரைப் பார்த்தால் கல்யாண ஜோடிக்கு அரை நம்பிக்கை போய்விடும். அனுமதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மணிக்கு எந்தச் சுவரில் நிழல் விழும் என்று தெரிந்து கூட்டிப் போகிறவர், சென்னைக்காரர் தர முடியாத ஒன்றைத் தருகிறார். பட்டுப்புடவையோடு மலை ஏறச் சொல்லாதீர்கள். கீழ்க்கோட்டையிலேயே வேண்டியது இருக்கிறது.

◆ திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டு பழைய கல்மரங்கள், மரக்காணத்தில் உப்பளம், முகூர்த்த நாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாலி கட்டு நடக்கும் மயிலம் முருகன் மலை: எல்லாம் திண்டிவனத்தைச் சுற்றித்தான். ஆரோவில்லில் தொழில்முறையாக எடுக்க அங்கே அனுமதி கேட்க வேண்டும்.

◆ ஹெலிகேம் வைத்திருக்கிறீர்களா? 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருப்பதால், வானூர், ஆரோவில் பக்கம் பறக்கவிடும் முன் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பாருங்கள்.

◆ நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்துச் சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. வீடியோவில் கோடு கோடாக ஓடுவது இதனால்தான். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு; வரவேற்புக்கு ஒரு மணி முன்பே போய்ச் சோதித்துவிடுங்கள்.

◆ கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் வண்ண அச்சின் அளவுகோலாக ‘ஷெர்லி கார்டு’ என்ற படத்தை ஆய்வகங்களுக்குக் கொடுத்தது. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். கறுப்புத் தோல் சரியாக விழவில்லை என்று மக்கள் சொன்னபோது பெரிதாக அசையாத நிறுவனம், சாக்லேட்டும் மர நாற்காலியும் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று வியாபாரிகள் சொன்ன பிறகு பிலிமைத் திருத்தியது. இன்று நம் ஊர் ஆல்பங்களில் அதே தவறைக் கணினியில் நாமே செய்கிறோம். மாநிறமான பெண்ணை மாவாக வெளுத்துக் கொடுக்கிறோம். அவளுடைய நிறம் அவளுடைய அம்மா கொடுத்தது. அதை அழகாகக் காட்டத் தெரிந்தவனே கலைஞன். படித்து வேலைக்குப் போகும் இன்றைய மணப்பெண்கள், உங்கள் மாதிரி ஆல்பத்தைப் புரட்டும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். மனசுக்குப் பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள்.

◆ ‘3-2-1’ என்று ஒரு விதி உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் பரப்பியது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கடையில் ஒரு ஹார்ட் டிஸ்க், வீட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று. மெமரி கார்டு பழுதாகிப் படம் போனால் இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது. படமும் ஆல்பமும் தராததற்காக இழப்பீடு கொடுக்கும்படி நுகர்வோர் ஆணையங்கள் போட்டோகிராபர்களுக்கு உத்தரவிட்டிருக்கின்றன. என்ன தருவீர்கள், எத்தனை நாளில், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார் – இவ்வளவும் இருக்கும் ஒரு பக்க ஒப்பந்தத்தைத் தமிழிலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய தொகை கேட்பவரிடம் அந்தத் தாள் இல்லையென்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

◆ சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது 1967-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது. இத்தகைய திருமணங்களில் கெட்டிமேளம் என்ற எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். மாலை மாற்றும் நேரம் எது என்று தலைமை தாங்குபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

◆ அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் 1996-ல் ஒரு தீவுத் தேவாலயத்தில் சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வெளியே வந்தபோது மனைவியின் கையில் முத்தமிட்டார். டெனிஸ் ரெஜி எடுத்த அந்த ஒரு படம்தான் உலகம் முழுக்கப் போனது. ஆயிரக்கணக்கில் எடுத்துக் குவிப்பதற்கு யாரும் கூடுதல் பணம் தருவதில்லை.

◆ பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்வடிவமாக்கியது. உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஸ்டுடியோ வைத்திருந்தால் அந்த நெகட்டிவ் டப்பாக்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வீட்டுக்கு மகள் கல்யாணம் பேசப் போகும்போது, அவளுடைய பாட்டியின் கல்யாணப் படத்தைச் சுத்தம் செய்து அச்சிட்டு எடுத்துக்கொண்டு போகக் கூடிய போட்டோகிராபர் அந்த ஊரில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

◆ ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் நடக்கும் ஒரு கல்யாணம் உண்டு: அறுபதாம் கல்யாணம். அதை முகூர்த்த மாதம் பார்த்து வைப்பதில்லை. 60 வயது நிறைந்ததும் பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தன்று வைப்பார்கள். பலர் திருக்கடையூர் போகிறார்கள். செலவு செய்வது வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள். எல்லாரும் ஒன்றுசேர்ந்து நிற்கும் படம் அவர்களுக்கு அவசியம் வேண்டும். இந்த ஆண்டு நீங்கள் படமெடுத்த மணப்பெண்களின் அப்பாக்களில் பலருக்கு இன்னும் சில ஆண்டில் அறுபது வரும். ஆல்பம் கொடுக்கப் போகும் நாளில் அவர் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டு டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.