மோட்டார் சைக்கிளுக்கு இல்லத்திலேயே ஆயில் மாற்றலாம்

நம் இல்லங்கள் பலவற்றின் வாசலில் இன்று ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. கடைக்கும், பள்ளிக்கும், மருத்துவரிடமும் அதுவே நம்மைக் கொண்டு சேர்க்கின்றது. வீட்டின் வருமானமே அந்த இரு சக்கரங்களின் மீது ஓடுகின்ற குடும்பங்களும் உண்டு. அத்தகைய வண்டியின் எஞ்சின் 'சீஸ்' ஆகி நின்றுவிட்டால், அதனைச் சீர் செய்ய ஆகும் தொகை ஒரு மாத வருமானத்தையே விழுங்கிவிடக் கூடும். காலத்தில் மாற்றப்படும் ஒரு லிட்டர் ஆயில் இந்த இழப்பை ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிடும். அதனை மாற்றுவதோ, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் அரை மணி நேர வேலைதான்.

முதியவர்கள் சிலரிடம் இன்றும் ஒரு குழப்பம் காணப்படுகின்றது. பெட்ரோல் பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றிய காலத்தில் வண்டி ஓட்டியவர்கள் அவர்கள். அக்காலத்து ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகையின. அவற்றில் ஆயில் பெட்ரோலோடு எரிந்து புகையாகிவிடும். எனவே எஞ்சினில் மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது. 1985இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்த பின்னர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் நம் சாலைகளில் பெருகின. 2015இல் வெளிவந்த எக்ஸ்.எல். 100 மூலம் டி.வி.எஸ். மொபெட்டும் அவ்வழிக்கு வந்துவிட்டது. இவற்றில் ஆயில் எரிவதில்லை. அடியில் தங்கிச் சுற்றிச் சுற்றி வருகின்றது. தங்குவதால் கெடுகின்றது, கெடுவதால் மாற்ற வேண்டியிருக்கின்றது.

காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியருக்கு வேறோர் ஆயில். நம் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. கியர்ப் பற்கள் அதனை அரைக்கின்றன. கிளட்சின் துகள் அதில் கலக்கின்றது. எரிந்த பெட்ரோலின் கரியும் சேர்கின்றது. ஆகவே, விலை மிகுந்தது என்பதற்காகக் கார் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். உராய்வைக் குறைக்கும் மருந்துகள் அதில் சேர்க்கப்பட்டிருந்தால் கிளட்ச் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கப்படும் ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கின்றதா என்று பார்த்து வாங்குங்கள். 'எம்.பி.' என்பது கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு உரியது. 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 40 என்னும் எண்கள் ஆயிலின் கனத்தைக் குறிப்பன. அவற்றில் எது உங்கள் வண்டிக்கு உரியது, எவ்வளவு ஊற்ற வேண்டும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பனவெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளன. சில வண்டிகளுக்கு 3,000 கிலோமீட்டர், வேறு சிலவற்றுக்கு 5,000 அல்லது 6,000. குறைவாக ஓடும் வண்டிக்கும் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நல்லது. ஆயில் கறுத்துவிட்டது என்பதனால் மட்டும் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டா. கரியைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வதும் அதன் கடமைகளுள் ஒன்று. இலவச சர்வீஸ் முடியாத புதிய வண்டியாயின், கம்பெனி சர்வீஸ் நிலையத்திலேயே மாற்றுங்கள். பதிவு இருந்தால்தான் உத்தரவாதம் கேட்க முடியும்.

இனி வேலைக்கு வருவோம். சரியான அளவுள்ள ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், அகன்ற பழைய தட்டு, புனல், பனியன் வேஸ்ட், சில ரூபாய் பெறும் புதிய வாஷர் ஆகிய இவ்வளவே தேவை. எஞ்சினை நான்கைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூடான ஆயில் நீர்த்து, அடியில் படிந்த அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியாயின் சற்று ஆறவிடுங்கள். சைலன்சர் சுட்ட வடு எளிதில் மறைவதில்லை. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் இல்லாத நேரத்தில் வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்து ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, தட்டை வைத்து அடியிலுள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். பெரும் நஷ்டங்கள் நேர்வது இவ்விடத்தில்தான். படுத்துக்கொண்டு மேல்நோக்கி வேலை செய்யும்போது இடம் வலம் மாறித் தோன்றும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவோர் பலர். போல்ட்டின் தலையை நேராகப் பார்க்கும் நிலையில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். போல்ட் இரும்பு, அது பொருந்தியிருக்கும் எஞ்சின் உறையோ அலுமினியம். அளவு மீறி முறுக்கினால் உறையின் மரைதான் போகும். ஒரு மரை போனால் செலவு சில ஆயில் டப்பாக்களின் விலையைத் தாண்டும். எனவே திரும்பப் பூட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு இணங்காவிட்டால் மரை கோணலாக ஏறுகின்றது என்று பொருள். கழற்றி மீண்டும் ஏற்றுங்கள். விரல் நின்ற பின் ஸ்பேனரால் சிறிது இறுக்கினால் போதும். ஸ்பேனரின் மேல் ஏறி மிதிக்கும் வீரம் இங்கே வேண்டா.

பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் வடியவிட்டு, வடிந்ததைக் கவனியுங்கள். மாவு போன்ற மெல்லிய உலோகத் தூள் இயல்பு. மின்னும் செதில்கள் தென்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்துள்ளது. தனி ஃபில்டர் உள்ள வண்டியாயின் கையேட்டின்படி அதனையும் மாற்ற வேண்டும். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் மாற்றும் ஃபில்டர் இல்லை. சல்லடை ஒன்று உள்ளே இருக்கின்றது. அதனைத் துப்புரவு செய்ய உறையைத் திறக்க வேண்டும். அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

குறித்த அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சிறிது பொறுத்து அளவுக் கம்பியால் பாருங்கள். பல வண்டிகளில் கம்பியைத் திருகாமல், செருகி மட்டுமே பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கு இடையில் நின்றால் சரி. கூடுதலாக இருக்கட்டும் என்று மேற்கோட்டைத் தாண்ட ஊற்றினால் ஆயில் நுரைத்து, காற்று ஃபில்டர் வரை ஏறிவிடும்.

இப்போது தட்டில் இருக்கும் கறுப்பு ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் கொட்டுகின்றோம், கரையானுக்கென்று வாசற்படியில் பூசுகின்றோம், கொசுவுக்கென்று தேங்கிய நீரில் ஊற்றுகின்றோம். மண்ணில் ஊறியது கிணற்றுக்கு வந்து சேராது என்று யார் உறுதி கூற முடியும்? ஏறத்தாழ நான்கு லிட்டர் பழைய ஆயில் சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுத்துவிடக் கூடும் என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கின்றது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகளும் இதனை அபாயகரமான கழிவாகவே வகைப்படுத்துகின்றன. பழைய ஆயிலைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த இயலும். எனவே அதனைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே நிரப்பி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பிலோ சர்வீஸ் நிலையத்திலோ ஒப்படையுங்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. அங்கே ஊற்றிய பின் காலி டப்பாவைத் துளையிட்டு எறியுங்கள். போலி ஆயில் நிரப்புவோர் தேடுவது துளையில்லாத டப்பாவைத்தான்.

பழைய ஆயில் தோலுக்கும் கேடு. கையுறை அணிவதே சிறந்தது. நகக்கண்ணில் தடித்துப் படிந்த பிசுக்கைத் தாண்டி ஒளூவின் நீர் தோலைச் சேராது. எனவே சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு அப்போதே தேய்த்துக் கழுவிவிடுங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் தேதியையும் கையேட்டின் பின்னட்டையில் குறித்து வையுங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுக்குமுன் போல்ட்டின் கீழே தரையைப் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் வாஷரைச் சோதித்த பின்னரே புறப்படுங்கள்.